மூலையை வெட்டும் முதலாளி

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் யார் வீட்டுத் தறியில் என்ன பார்டர் ஓடியது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர் பெயர் மட்டும் மறந்துவிடுமா. எழுதமாட்டேன், அவ்வளவுதான். என் பெயரை எழுதவிடாதவருக்கு என் கட்டுரையில் பெயர் கிடையாது. முதலாளி என்று சொல்கிறேன். அதுவே அதிகம்.

போன மாதம் அவர் செத்துப்போனார். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள். நல்ல பெரிய பேனர். பட்டுச் சட்டையில் சிரிக்கிறார். கீழே, ‘ஆரணிப் பட்டில் ஓவியம் தீட்டிய கை ஓய்ந்தது’ என்று போட்டிருந்தார்கள். எதிர்த்த டீக்கடையில் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தக் கை ஒரு கோடு போட்டதில்லை. ஒரு புள்ளி வைத்ததில்லை. அந்தக் கைக்குத் தெரிந்தது வெட்டுவது ஒன்றுதான். பேனர் எழுதியவர்களுக்கு அது தெரியாது என்றால், தெரிந்தவன் எழுத வேண்டும். அதனால்தான் உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை. நான் படித்தது ஐந்தாவது. அதிலும் முழு ஐந்தாவது இல்லை. தெள்ளார் பக்கம் ஒரு கிராமம், நிலம் இல்லாத குடும்பம், அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி. எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நானாவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து, குப்பன் என்று பேர் வைத்தார்கள். இன்றைக்குக் கனடாவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவள் என் போனுக்கு மெசேஜ் போட்டு, ‘குப்பன் சார், எப்போ டேட் கிடைக்கும்’ என்று கேட்கிறாள். நான் மூன்று மாசம் ஆகும் என்கிறேன். காத்திருக்கிறாள். பட்டம் படித்தவன், டிசைன் படித்தவன் எல்லாம் இந்த ஊரில் இருக்கிறான். அவனுக்கெல்லாம் காத்திருக்கிறாளா என்று விசாரித்துப் பாருங்கள்.

நான் டிசைன் போடுகிறவன். புடவையின் பூவும் பறவையும் தறிக்குப் போவதற்கு முன்னால் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டை குத்துவார்கள், அட்டை சொல்கிறபடி தறி நெய்யும். தாளில் ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுக்க மயிலுக்குக் கண் போய்விடும். இந்த வேலையை முதலாளி கடையில் தரையைப் பெருக்கிக்கொண்டே, வரைகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை.

முதலாளியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். புடவையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரிகை நுனியை வெட்டுகிற கத்தரி. பேசும்போது அதை எடுத்துச் சும்மாவே காற்றில் வெட்டிக்கொண்டிருப்பார். டிசைன் தாள் முடித்துக் கொடுத்தால் முதலில் வலது கீழ் மூலையைத்தான் பார்ப்பார். வரைகிறவன் அங்கேதான் பேர் போடுவான். எழுத்து இருந்தால் நறுக். அழகாக, முக்கோணமாக வெட்டுவார். வெட்டியதைக் கீழே போடமாட்டார். விரலில் உருட்டித் திரியாக்கி, காது குடைவார். என் பெயர் எத்தனை தடவை அவர் காதுக்குள் போய் வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். பணத்தில் அவர் குறை வைத்ததில்லை. சனிக்கிழமை கூலி சனிக்கிழமை கையில் இருக்கும். என் மனைவிக்குப் பிரசவம் கஷ்டமானபோது தன் காரில் வேலூருக்கு அனுப்பினார். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வரும் துணி அவர் வீட்டுக்கு எடுத்த அதே கடைத் துணி. பணம் கேள், தருவார். சோறு கேள், தருவார். பேர் கேட்டால் மட்டும் கை சட்டைப் பைக்குப் போய்விடும். இதுதான் என்னைப் பல வருஷம் கட்டிப்போட்டது. முழுக்கக் கெட்டவனாக இருந்தால் முதல் வருஷமே எழுந்து வந்திருப்பேன்.

அவர் வாயில் ‘நம்ம’ என்ற சொல்லைத் தவிர வேறு சொல் வராது. பக்கத்து ஓட்டல் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டு வெளியூர் வியாபாரியிடம், ‘நம்ம இட்லி, சாப்டு பாருங்க’ என்பார். சேத்துப்பட்டில் யாரோ மச்சான் தோப்பு மாங்காயை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்து, ‘நம்ம தோப்பு’ என்பார். கேட்கிறவனுக்கு நல்ல மனசு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் நம்ம என்றால் அதில் நாம் இல்லை என்பது புரியக் கொஞ்ச காலம் ஆனது.

என் வாத்து விஷயத்தில் புரிந்தது.

சின்ன வயதில் நான் வாத்து மேய்த்தவன். அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டத்தோடு நாள் முழுக்க நிற்பேன். வாத்துக்கு அரிப்பு எடுத்தால் கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்பி, அலகை முதுகு இறகுக்குள் விட்டுக் கோதும். அந்த வளைவு எனக்கு மனப்பாடம். முதலாளி அன்னப்பட்சி முந்தானை கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் விறைத்த கழுத்தோடு கோயில் தூண் அன்னம் போட்டார்கள். நான் என் வாத்தைப் போட்டேன். இரண்டு பறவை, இரண்டும் தலையைத் திருப்பி இறகு கோதுகிறது. தறியில் இறங்கியதும் ஊரே பார்த்தது. அந்த வருஷம் ஆரணியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண் முந்தானையில் என் வாத்து.

சென்னையில் ஒரு கண்காட்சி. மூட்டை தூக்க என்னை அழைத்துப் போனார். மேடையில் அவருக்குச் சால்வை போட்டார்கள். ஒரு அதிகாரி அம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்து, “இது யார் வரைஞ்சதுங்க?” என்று கேட்டார்.

“நம்ம கைதாங்க” என்றார் முதலாளி.

“அன்னம் ஏன் திரும்பிப் பாக்குது?”

“துணையைத் தேடுதுங்க. பிரிவுத் துயரம்.”

நான் மேடைக்குக் கீழே மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அரிப்பெடுத்த வாத்துக்குப் பிரிவுத் துயரம் வந்த கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

திரும்பி வரும் வழியில், கார் ஆற்காடு தாண்டியதும், கேட்டுவிட்டேன். “முதலாளி, மூலையில சின்னதா என் பேர் இருந்துட்டுப் போவட்டுமே. உங்களுக்கு இன்னா கொறையப் போவுது.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். கத்தரியை எடுத்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டினார்.

“குப்பா, நான் ஒனக்கு நல்லது சொல்றேன். பட்டுப் பொடவையில குப்பன்னு போட்டா எவ கட்டுவா? சொல்லு. ஒங்கூட்டுப் பேரைக் கல்யாணப் பொண்ணு மேல போத்துவாங்களா? பொழைக்கிற வழியப் பாருடா.”

டிரைவரும் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஒரு கேள்விக்கு என்றைக்காவது பதில் சொல்வேன் என்று அப்போது சபதம் எல்லாம் செய்யவில்லை. ஆனால் மறக்கவில்லை.

போன் காலம் வந்தது. முதலாளி மகன் கடைக்கு ஆன்லைனில் ஒரு பக்கம் தொடங்கி, முதல் படமாக என் வாத்தைப் போட்டான். ‘எங்கள் குடும்ப ஓவியம்’ என்று எழுதியிருந்தான். போனை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். “போன்ல ஏதுடா பேரு. போன்ல வந்துட்டா எல்லாம் நம்மதுதான்” என்றார். அன்றைக்கே பென்சிலையும் ரப்பரையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது வரைகிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள் எனக்கு போன் போட்டு, ஆன்லைனில் எப்படி விற்பது என்று கேட்கிறார்கள். வகுப்பு எடுங்கள் என்கிறார்கள். நான் வகுப்பில் கற்றவன் இல்லை. ஒருத்தர் மேல் இருந்த கோபத்தில் கற்றேன். அந்தக் கோபம் இல்லாதவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்குத் தெரியாது.

தெரிந்த தறிக்காரர் ஒருவரிடம் என் டிசைனைக் கொடுத்து நெய்து வாங்கினேன். முதல் படம் டியூப்லைட்டில் எடுத்தேன். அரக்குப் புடவை சேறு மாதிரி வந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, “யோவ், இத்த கட்டிகினு நாத்து நடப் போவலாம்” என்றாள். அவள்தான் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், வெயில் ஏறுவதற்கு முன்னால் கொடியில் போட்டு எடுத்தாள். நிறம் நிறமாக வந்தது. நானும் ஆன்லைனில் ஒரு பக்கம் தொடங்கினேன். அதற்குப் பட்டு, சில்க், பேலஸ் என்று ஏதாவது பேர் வைக்கச் சொன்னார்கள். நான் ‘குப்பன் டிசைன்’ என்றே வைத்தேன். நல்ல பேராக வைக்கச் சொன்ன ஒருவனையும் இரண்டாவது தடவை வீட்டுக்குள் விடவில்லை.

ஆறு மாசம் ஒரு புடவை போகவில்லை. லைக் மட்டும் போடுவார்கள், விலை கேட்பார்கள், காணாமல் போவார்கள். விலையைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் போகவில்லை. பிறகு ஒரு சேலத்துப் பெண், “இது நீங்களே வரையறதா? நம்பவே முடியலயே” என்று எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நாள் கட்டத் தாளை விரித்து வரைய உட்கார்ந்து, மனைவியை வீடியோ எடுக்கச் சொன்னேன்.

“மூஞ்சிய காட்டாத. கையக் காட்டு. மூஞ்சியப் பாத்தா எவளும் வாங்க மாட்டா” என்றாள்.

வெறும் கட்டத்தில் ஆரம்பித்து வாத்தின் கழுத்து திரும்பி முடிகிற வரை, என் கை மட்டும். அதைப் பார்த்துத்தான் முதல் ஆர்டர் வந்தது. சேலத்துப் பெண்ணேதான். அவளுக்கு அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். வந்த ஒவ்வொருவர் நம்பரையும் என் போனில் தனியாகச் சேர்த்தேன். பக்கம் நாளைக்குக் காணாமல் போகலாம், நம்பர் என்னுடையது. விலையையும் ஏற்றினேன். ஏற்றிய பிறகுதான் மரியாதையாகப் பேசினார்கள்.

முதலாளி சும்மா இருப்பாரா. நான் போடும் படம் மறுநாள் அவர் கடைப் பக்கத்தில் இருக்கும். வலது கீழ் மூலையில் நான் போட்ட பேர் மட்டும் இருக்காது. போனிலும் அதே மூலை, அதே வெட்டு. மகன் வெட்டினானோ, அவரே கற்றுக்கொண்டு வெட்டினாரோ, அந்தக் கை எனக்குத் தெரியும். நான் பேரை மூலையிலிருந்து எடுத்து வாத்தின் வயிற்றின் மேல் போட்டேன். அங்கே ஒரு தாமரைப் படத்தை ஒட்டி மறைத்தார். அதோடு படம் போடுவதை விட்டேன். வீடியோ மட்டும் போட்டேன். தாளில் பறவை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் என் கை இருக்கும். ஆறாம் விரல் ஒட்டிக்கொண்டிருக்கும் என் இடது கை. அதை வெட்டினால் பறவையும் போய்விடும்.

வெட்ட முடியவில்லை. பழைய படத்தை மறுபடி போட்டார்கள். அதற்குக் கீழே சேலத்துப் பெண் எழுதினாள், ‘இது குப்பன் சார் வரைந்தது, வீடியோ இருக்கிறது’. இன்னொருத்தி எழுதினாள். இன்னும் பலர் எழுதினார்கள். நான் ஒரு சொல் எழுதவில்லை. மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மனைவியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கச்சேரி கேட்கிற மாதிரி இருந்தது. கடைசியில் கடைப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ‘குப்பன் நம்ம ஆள்தான்.’

மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு, “சாவுற வரைக்கும் இந்த ஆளு திருந்த மாட்டான்” என்றாள்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை வேண்டும், அந்தத் திரும்பிப் பார்க்கிற பறவை வேண்டும் என்றாள். நல்ல மரியாதையாகப் பேசினாள்.

“அங்கிள், எங்க தாத்தாவும் ஆரணிதான். இந்த பேர்ட் அவர் வரைஞ்சதுன்னு சொல்வார். நீங்க அவர்கிட்ட கத்துக்கிட்டீங்களா?”

தாத்தா யார் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குக் காதுக்குள் ஏதோ குடைந்த மாதிரி இருந்தது.

“ஆமாம்மா. அவர்கிட்ட நெறைய கத்துக்கினேன்” என்றேன். பொய் இல்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். என்னிடமிருந்து போகிற எந்தப் புடவையானாலும் முந்தானைக் கடைசியில், இரண்டு பறவையின் காலுக்கு நடுவில், ஜரிகையில் என் பேர் இருக்கும். சம்மதம் என்றால் அட்வான்ஸ் போடு. அவள், “அது இருந்தாதானே அங்கிள் ஒரிஜினல்” என்றாள். பிள்ளைக்குப் புரிகிறது. அவளோடு எனக்கு என்ன பகை.

அந்தத் தாளை வரைந்த மாதிரி நான் எதையும் வரைந்ததில்லை. எல்லாப் புடவையிலும் பேரைப் பொடி எழுத்தில் போடுவேன். இதில் கொஞ்சம் பெரிதாக்கினேன். கொஞ்சம்தான்.

புடவை முடிந்து குஞ்சமும் கட்டியாயிற்று. கொரியரில் அனுப்பவா என்று கேட்டதற்கு, “தாத்தாவே வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னார் அங்கிள்” என்றாள் அந்தப் பெண். வந்தார். என் வீட்டு வாசற்படியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. தள்ளாத வயது. சட்டைப் பையில் கத்தரி அப்படியே இருந்தது. மனைவி நாற்காலி போட்டு, காபி கொடுத்தாள்.

“இன்னா குப்பா, பெரிய ஆளாயிட்ட. போன்ல எங்க பாத்தாலும் நம்ம குப்பன்தான்” என்றார்.

“எல்லாம் உங்க புண்ணியம் முதலாளி.”

புடவையை மடியில் வைத்து முந்தானையைப் பிரித்தார். பறவையைப் பார்த்தார். விரல் கீழே இறங்கியது. நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது.

அவர் கை எனக்குத் தெரியும். துணி கிழியாமல், ஒவ்வொரு ஜரிகை இழையாகக் கத்தரி நுனியில் இழுத்து, ஒரு எழுத்து இருந்த தடமே இல்லாமல் எடுத்துவிடுவார். வீட்டுக்குப் போய்ச் செய்தால் யார் பார்க்கப்போகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி தட்டோடு வந்தாள். மஞ்சள் குழைத்து வைத்திருந்தாள். எப்போது குழைத்தாள் என்று எனக்கே தெரியாது. குனிந்து, புடவையின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள்.

எங்கள் பக்கம் முகூர்த்தப் புடவைக்கு மஞ்சள் வைத்துவிட்டால், தாலி ஏறுகிற வரை அதில் கத்தியோ கத்தரியோ படக்கூடாது. பட்டால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். மஞ்சள் வைப்பது பெண் வீட்டார் வேலை.

“நாங்க வெப்போமேம்மா. நீ ஏன் வெச்ச” என்றார் முதலாளி.

“நம்ம பொண்ணுதானே முதலாளி” என்றாள் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். கத்தரி பாதி பைக்கு வெளியே இருந்தது.

“குப்பா. இன்னா வெல வேணா வெச்சுக்க. வேற ஒண்ணு நெய்ஞ்சு குடு. பேர் மட்டும் வேணாம். சம்பந்தி வீட்டுக்காரங்க படிச்சவங்க, கேப்பாங்கடா. யாரு இந்தக் குப்பன்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்லுங்க முதலாளி. நம்ம ஆளுதான்னு.”

காபியைக் குடிக்கவில்லை. கத்தரியைப் பைக்குள் தள்ளிவிட்டு, புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். படியில் தடுமாறினார். நான் கை கொடுக்கவில்லை. மனைவி கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. படம் வந்தது. அந்தப் பெண்ணே தன் பக்கத்தில் போட்டு, என் பேரையும் சேர்த்துப் போட்டிருந்தாள். நிறையப் படம். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வாத்து தெரிந்தது. பேர் தெரியவில்லை. ஒரு படத்திலும் தெரியவில்லை. வெட்டிவிட்டாரோ என்று மறுபடி முதல் படத்திலிருந்து பார்த்தேன்.

மனைவிதான் போனை வாங்கிப் பார்த்து, “அந்த ஆளு கையப் பாரு” என்றாள்.

தாலி கட்டும்போது முதலாளி பெண்ணுக்குப் பின்னால் நிற்கிறார். மாலை மாற்றும்போது பின்னால் நிற்கிறார். சம்பந்திகள் வரிசையாக நிற்கும் படத்திலும் பெண்ணுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லாப் படத்திலும் முந்தானை நுனியைச் சுருட்டி வலது கை முஷ்டிக்குள் பிடித்திருக்கிறார், அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளை மாதிரி. எல்லோரும் இரண்டு கையாலும் அட்சதை போடுகிறார்கள். அவர் இடது கையால் போடுகிறார். பேத்திக்கு இடது கையால் ஆசீர்வாதம்.

பஸ் ஸ்டாண்டு பேனரில் ஓவியம் தீட்டிய கை என்று போட்டிருப்பது அந்த வலது கையைத்தான். வேண்டுமானால் வந்து என் போனில் பாருங்கள், படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க என் பேரை வெட்டிய கை, அன்றைக்கு முகூர்த்தம் முடிந்து பந்தி முடிகிற வரை, அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.